ஆம்ரபாலியோடு நாலு நாள்

மே 10, சனி: கிருஷ்ணகிரி

வேலூர்க்காரிக்கு வெயில் புதுசில்லை. ஆனாலும் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பைத் தாண்டி உள்ளங்கால் சுட்டது. மணி பதினொன்றரைதான்.

தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழு. பௌர்ணமியன்று 'பௌத்தத்தில் பெண்கள்' பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று சிநேகிதி கூப்பிட்டிருந்தாள். இந்த வருஷம், 2025இல், சித்ரா பௌர்ணமியும் புத்த பூர்ணிமாவும் ஒரே நாளில், 12ஆம் தேதி வருகின்றன. இரண்டு நாள் முன்னாலேயே வந்து ஊர் சுற்றலாம் என்பது என் ஏற்பாடு.

நடுகல் பார்க்கலாம் என்று ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுத்து அருங்காட்சியகத்தில் போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. "இன்னிக்கு ரெண்டாம் சனி இல்லீங்களா?" என்றார் எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் சனியை எண்ணி எண்ணிக் காலம் தள்ளியவள் நான். ரிட்டையர் ஆகி இரண்டே வருஷத்தில் மறந்துபோச்சு. ஐம்பது ரூபாய்க்கு ஒரு இளநீரைக் குடித்து, வழுக்கையைச் சுரண்டித் தின்றுவிட்டு, சிநேகிதி வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் கூடையில் செந்தூரா மாம்பழம். ஒரு அம்மா காம்புப் பக்கத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாத்துட்டு வாங்கு, வாய்ல நான் சொல்றதை நம்பாதே" என்றார். கிலோ 60. மூன்று கிலோ வாங்கிவிட்டேன்.

சிநேகிதியின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிறந்தது கோலார் தங்கவயல், மாரிகுப்பம். கூடத்தில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் புத்தர் படம், அதற்கு ஒரு முழம் மல்லி. "எங்க தாத்தா சுரங்கத்துல வேலை. அப்பவே சங்கத்துல பேர் குடுத்தவங்க நாங்க" என்றார். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலில் கிளை இருந்தது. அம்பேத்கர் நாக்பூரில் தம்மம் ஏற்ற 1956க்கு ஐம்பது அறுபது வருஷம் முன்னாலேயே இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பஞ்சசீலம் என்கிற ஐந்து ஒழுக்க உறுதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தன. அம்மா அதை இன்னும் விடவில்லை. "பாணாதிபாதா வேரமணி" என்று ஆரம்பித்தால் நடுவில் குக்கர் விசில் வந்தாலும் நிறுத்துவதில்லை.

சாயங்காலம் மொட்டை மாடி. சுவர் மாதிரி எதிரே நிற்கிறது சையத் பாஷா மலை. அந்தச் செங்குத்தைப் பார்த்ததும் குண்டலகேசி ஞாபகம் வந்தது.

ஒரு வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷமும் குண்டலகேசி எனக்கு ஒரு மார்க் கேள்வி. 'எந்தச் சமய நூல்? பௌத்தம். ஆசிரியர்? நாதகுத்தனார்.' முடிந்தது. கிடைத்ததே பத்தொன்பது பாட்டுதான் என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு கதையைச் சொன்னதே இல்லை. கொலைத்தண்டனைக்குப் போகிற திருடனைப் பார்த்து ஆசைப்பட்டு, அவனை மீட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்ட செட்டியார் வீட்டுப் பெண். ஊடலில் 'நீ கள்வன்தானே' என்று அவள் சொன்ன ஒரு வார்த்தை பொறுக்காமல், கொல்வதற்காக மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான் காளன். சாவதற்கு முன் உன்னை மூன்று முறை வலம் வந்து கும்பிடுகிறேன் என்கிறாள். முன்னால் கும்பிட்டு, பின்னால் போய், ஒரே தள்ளு.

அம்மா மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டே சொன்னார். "கும்பிடுறேன்னதும் நின்னுட்டான் பாரு. கும்புடு வாங்கறதுன்னா அவனுங்களுக்கு அவ்வளவு ஆசை."

பௌத்தர்களின் பாலி மொழி உரைக்கதையில் அந்த மலைமேல் ஒரு தேவதை இருக்கிறது. எல்லா இடத்திலும் ஆண்தான் அறிவாளி என்றில்லை, யோசிக்கத் தெரிந்த பெண்ணும் அறிவாளிதான் என்று அது பாராட்டுகிறது. அதற்கப்புறம் அவள் துறவியாகி, ஊர் ஊராகப் போய், ஊர் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டு, 'வாதுக்கு வருகிறவன் இதைப் பிடுங்கலாம்' என்று சவால் விட்டவள். தோற்றது புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் மட்டும்தான். 'ஒன்று என்பது என்ன?' என்று அவர் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதிலில்லை. பிக்குணி, அதாவது பௌத்தப் பெண்துறவி, ஆகிவிட்டாள்.

ராத்திரி பத்தரைக்குத்தான் காற்று வந்தது.

மே 11, ஞாயிறு: போச்சம்பள்ளி, சந்தூர்

போச்சம்பள்ளிக்கு இன்று சந்தை. பஸ்ஸில் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டு சேவல்கள், கால் கட்டி, மரியாதையாக வந்தன. சந்தையில் ஆட்டுப் பேரம் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசுகிறார்கள். ஒரு பெண் மட்டும் துண்டெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "ஏழாயிரத்தி ஐநூறு, குடுத்தா குடு" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். போண்டா இரண்டு பதினைந்து ரூபாய், சட்னியில் தேங்காய் இருந்ததாக ஒரு வதந்தி.

அங்கிருந்து சந்தூர். மாங்கன்று வாங்க வெளிமாநிலத்திலிருந்தும் லாரி வருகிற ஊர். ரோட்டின் இரண்டு பக்கமும் நிழல்வலைப் பந்தல்கள், அதற்குக் கீழே கறுப்புப் பையில் வரிசை வரிசையாகக் கன்றுகள். நான் நுழைந்த பந்தலில் நாலு பெண்கள் ஒட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டை போட்டு முளைத்த நாட்டுக்கன்றின் தலையை ஒருத்தி வெட்டினாள், நடுத்தண்டை நேராகப் பிளந்தாள். தாய்மரத்திலிருந்து வந்த பென்சில் அளவு குச்சியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி, அந்தப் பிளவில் இறக்கி, பட்டையும் பட்டையும் தொடுகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். அப்புறம் பாலிதீன் நாடாவைப் பல்லில் ஒரு முனை கடித்து இழுத்துச் சுற்றினாள். ஒரு கன்றுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"அசையாம இருந்தா பிடிச்சுக்கும்கா. அசைஞ்சா போச்சு."

என் கண் பட்டது ஒரு வரிசைக்கு முன்னால் நட்டிருந்த தகர அட்டையில். சுண்ணாம்பில் 'ஆம்ரபாளி' என்று எழுதியிருந்தது. வடக்கத்தித் தசேரியையும் நம்ம ஊர் நீலத்தையும் கலந்து தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் உண்டாக்கிய ரகம். குட்டை மரம், வருஷா வருஷம் காய்க்கும். "மாடியில கூட வெக்கலாம்" என்றார் பந்தல்காரர். கன்று 120 ரூபாய்.

இது யார் பேரு தெரியுமா என்று ஒட்டு கட்டுகிறவளிடம் கேட்டேன். "ஏதாச்சும் இந்தி நடிகை இருக்கும்."

நடிகை இல்லை, கணிகை. வைசாலி நகரத்தில், மாமரத்தடியில் தோட்டக்காரனுக்குக் கிடைத்த குழந்தை. அதனால் அம்பபாலி. புத்தர் கடைசி முறையாக அந்தப் பக்கம் வந்தபோது, நாளைக்கு என் வீட்டில் சாப்பாடு என்று முதலில் போய் அழைத்துவிட்டாள். திரும்பும் வழியில் வைசாலியை ஆண்ட லிச்சவி இளவரசர்களின் தேர்கள் எதிரே வருகின்றன. இவள் ஒதுங்கவில்லை, அச்சோடு அச்சு உரசத் தேரை ஓட்டுகிறாள். விஷயம் தெரிந்ததும் லட்சம் பொன் தருகிறோம், அந்த விருந்தை எங்களுக்கு விட்டுக்கொடு என்கிறார்கள். வைசாலியையே நாட்டோடு சேர்த்துக் கொடுத்தாலும் தரமாட்டேன் என்கிறாள். 'மாங்காய்க்காரி நம்மை ஜெயித்துவிட்டாளே' என்று விரலைச் சொடுக்கினார்களாம். விருந்து முடிந்ததும் தன் மாந்தோப்பையே புத்தரின் துறவிகள் சங்கத்துக்குத் தாரை வார்த்துவிட்டாள். கடைசியில் தானும் பிக்குணியானாள். கறுத்துச் சுருண்டிருந்த முடி சணல் நாராகிவிட்டது என்று தொடங்கித் தன் உடம்பை மயிரிலிருந்து பாதம் வரை எண்ணிப் பாடிய பாட்டு தேரிகாதையில் இருக்கிறது. பெண்துறவிகள் பாடிய எழுபத்துமூன்று பாடல்களின் தொகுப்பு அது.

கேட்டுக்கொண்டே கட்டினாள். முடித்ததும், "தோப்பு அவ பேர்லயே இருந்துச்சா? பத்திரம்?" என்றாள். இந்தக் கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. காற்று முதலில், அப்புறம் மழை. பந்தலுக்கு அடுத்த தோப்பில் சொத் சொத்தென்று காய் விழுகிற சத்தம். பந்தல்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். விழுந்த காய் ஊறுகாய்க்குத்தான் போகும், கூறு கட்டினால் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் தேறாது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. கன்றைப் பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை, 120ஐக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி கிருஷ்ணகிரி. கன்றைக் கூடத்தில் வைத்ததும் அம்மா கேட்டார். "மாரிகுப்பத்துக்குப் பிக்குங்க வருவாங்க, இலங்கையிலேருந்து கூட. ஒரு பொம்பளைப் பிக்கு வந்து நான் பாத்ததில்லை. ஏன் கண்ணு?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். அசோகன் மகள் சங்கமித்தை போதிமரக் கிளையோடு கப்பலேறி அனுராதபுரம் போனவள். அரசகுலத்து அனுலையும் அவளோடு நூற்றுக்கணக்கான பெண்களும் துறவேற்றார்கள். பிக்குணி சங்கம் அங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருந்தது. அதைப் பட்டுப்போக வைத்ததில் நம்மவர்களுக்குப் பங்குண்டு. 993இல் சோழப்படை அனுராதபுரத்தைப் பிடித்தது. மடங்கள் சிதைந்தன. ராஜராஜன் ஈழம் வென்ற பெருமையை நானே ஆண்டுவிழா மேடைகளில் தொண்டை கட்டப் பேசியிருக்கிறேன். 1070இல் சோழரைத் துரத்திய விஜயபாகு, அற்றுப்போன பிக்கு பரம்பரையை மீட்கப் பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். பிக்குணிகளை வரவழைக்க அவனுக்குத் தோன்றவில்லை. சோழன் அழித்ததைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

ஆனால் கதை அதோடு போகவில்லை. அதற்கெல்லாம் முன்பே, ஐந்தாம் நூற்றாண்டில், இலங்கைப் பிக்குணிகள் சிலர் கப்பலேறிச் சீனாவுக்குப் போய், நான்ஜிங்கில் சீனப் பெண்களுக்குத் துறவு கொடுத்திருந்தார்கள். அந்தக் கொடி சீனா, கொரியா, தைவான் என்று படர்ந்தது. 1996இல் சாரநாத்தில் கொரியத் துறவிகள் முன்னிலையில் இலங்கைப் பெண்கள் மறுபடியும் பிக்குணிகளானார்கள். 1998இல் தம்புள்ளையிலேயே அது நடந்தது. இதை ஒப்புக்கொள்ளாத பெரிய பிக்குகள் இன்னும் இருக்கிறார்கள்.

அம்மா கன்றின் பாலிதீன் கட்டை விரலால் தொட்டார். "இது மாதிரிதான்னு சொல்லு."

மே 12, திங்கள்: தர்மபுரிப் பக்கம்

காவேரிப்பட்டணம் வழியாகத் தர்மபுரி, அங்கிருந்து டவுன் பஸ். ஊர்ப் பேர் வேண்டாம் என்று குழுத்தலைவி சொல்லிவிட்டார், எழுதினால் சொந்தக்காரர்கள் போன் பண்ணுவார்களாம்.

பகல் சாப்பாடு அவர் வீட்டில். ராகிக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும். அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நொய் வெந்து குழைந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்புக் கட்டையால் குழி போட்டு, மூடி வேகவிட்டார். பிறகு பானையைக் கீழே இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. கட்டி தட்டாமல் திரண்டு வந்ததும் தண்ணீரில் இரண்டு விரலை நனைத்துக் களியை ஒரு தொடு தொட்டார். விரலில் ஒட்டவில்லை. "ஆச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோமா என்றொரு பிக்குணி காட்டில் தியானத்தில் இருக்கும்போது, தவத்தைக் கலைக்கிற மாரன் வந்து கேலி பண்ணுகிறான்: முனிவர்களுக்கே எட்டாத இடம், இரண்டு விரல் அறிவு உள்ள பெண்ணுக்கு எப்படி எட்டும்? அது என்ன இரண்டு விரல் அறிவு என்றால், உரைகாரர் விளக்குகிறார்: ஏழெட்டு வயசிலிருந்து சோறு ஆக்குகிறார்கள், ஆனாலும் வெந்ததா என்று பார்த்துச் சொல்லத் தெரியாமல் இரண்டு விரலால் நசுக்கித்தான் தெரிந்துகொள்கிறார்கள். மனம் ஒருமைப்பட்டபின் பெண் என்பதில் என்ன இருக்கிறது என்று சோமா பதில் சொல்ல, மாரன் வாடிப்போய்க் காணாமல் போகிறான்.

தலைவியிடம் சொன்னேன். களியை உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டே, "அவன் கிண்டட்டும் பாக்கலாம்" என்றார். மெல்லாமல் விழுங்க வேண்டிய களியை நான் பழக்கதோஷத்தில் மென்றேன். பக்கத்திலிருந்த சின்னப் பெண் அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தெருவில் சொல்லிவிட்டது.

கூட்டம் நாலு மணிக்கு, சமுதாயக் கூடத்தில். முப்பது பேர் இருக்கும். இங்கே குழு என்று சொல்வதில்லை, 'சங்கம்' என்கிறார்கள். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி பிரியாத பழைய தர்மபுரி. "நாங்க தொண்ணூறுலயே சங்கம்" என்று சொல்லிக்கொண்டு முன்வரிசையில் வெற்றிலைப் பையோடு ஒரு ஆயா.

நான் கோதமியிலிருந்து தொடங்கினேன். புத்தரின் சித்தி, தாய் செத்தபின் பால் கொடுத்து வளர்த்தவள். பெண்களையும் சங்கத்தில் சேர் என்று கபிலவஸ்துவில் மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் இல்லை. மொட்டையடித்து, காவி கட்டி, சாக்கியப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வைசாலி வரைக்கும் நடந்தே போனாள். கால் வீங்கி, புழுதியோடு வாசலில் அழுதுகொண்டு நின்றவளைப் பார்த்து புத்தரின் சீடர் ஆனந்தர்தான் உள்ளே போய்ப் பேசினார். பெண்ணால் ஞானம் அடைய முடியுமா, முடியாதா? முடியும். அப்படியானால்? சரி, எட்டு நிபந்தனை. அதில் முதலாவது, துறவேற்று நூறு வருஷமான பிக்குணியும் அன்றைக்குத் துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும்.

கூட்டத்தில் சலசலப்பு. "எட்டுதானா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "எங்க ஊட்டுக்காரரு சங்கத்துல சேர்றதுக்குப் பத்து போட்டாரு." அவ்வளவுதான், என் பேச்சு போயே போச்சு. பொழுது சாயறதுக்குள்ள வந்துரணும். பேங்க்குக்குத் தனியாப் போகக் கூடாது. லோன் வந்தா கையில குடுத்துரணும். மாமியாருக்குக் களி கிண்டி வெச்சுட்டுத்தான் கிளம்பணும். போட்டோவுல நிக்கக் கூடாது. ஒருத்தி சொல்ல ஒருத்தி சிரிக்க, பத்து நிமிஷம் நான் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன்.

வெற்றிலை ஆயா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கிழவி ஒத்துக்கினாளா?"

ஒத்துக்கொண்டாள். தலை குளித்தவள் பூமாலையை வாங்கிச் சூடிக்கொள்வது மாதிரி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ஆனால் பின்னால் ஆனந்தரிடம் திரும்ப வந்து, அந்த முதல் நிபந்தனையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், யார் மூத்தவரோ அவரை இளையவர் வணங்கட்டும் என்று கேட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. இந்த எட்டுமே பிற்காலத்தில் சேர்த்தவை என்று வாதாடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

"உள்ள வந்துட்டுக் கேட்டிருக்கா" என்றார் ஆயா. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்த குறிப்பில் இந்த ஒரு வரி இல்லை.

முத்தா பாட்டைச் சொன்னேன். உரல், உலக்கை, கூனல் புருஷன், மூன்று கோணலிலிருந்தும் விடுபட்டேன் என்று பாடிய பிக்குணி. பலத்த கைதட்டல். தம்மதின்னையைச் சொன்னேன். துறவேற்றபின் பழைய புருஷனே வந்து தத்துவத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள். நானாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று புத்தர் அவள் பதிலுக்கு முத்திரை வைத்தார். இதற்குக் கைதட்டல் இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாகக் குண்டலகேசி. காளன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்விட்டான். 'உன்னை மூன்று முறை சுற்றி வந்து கும்பிடுகிறேன்' என்கிறாள். அங்கே கரண்ட் போனது. மைக் செத்தது. யாரோ "ஐயோ, பால் வண்டி" என்றார்கள். ஐந்தரைக்குள் சொசைட்டியில் பால் ஊற்றவில்லை என்றால் எடுக்க மாட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் கூடம் காலி. ஆயா கூடக் கிளம்பிவிட்டார், அவருக்கும் ஒரு எருமை இருக்கிறது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நிலா எழுந்தது. மணிமேகலையில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வருவது புத்தர் பிறந்தநாளில்தான், அடுத்த மாதம் வைகாசி விசாகத்தில். என் பையில் தலைவி கட்டிக்கொடுத்த களி உருண்டை இரண்டு இருந்தது.

மே 13, செவ்வாய்: திரும்பும் பஸ்

கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர். கன்றுக்கு டிக்கெட் போட வேண்டுமா என்று கண்டக்டரோடு ஒரு சின்னத் தகராறு. "கோழின்னா போடுவேன்" என்று விட்டுவிட்டார். பர்கூர் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. போட்ட பிரேக்கில் பை சாய்ந்து பாதி மண் தரையில். பக்கத்து சீட்டுப் பெண் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிப் பையில் போட்டாள். ஒட்டுப் போட்ட இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"ஒட்டு அசையலைக்கா."

காவேரிப்பட்டணத்துப் பெண். அப்பாவுக்குத் தோப்பு இருந்ததாம். மூன்று வருஷத்துக்குப் பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும், ஆசைப்பட்டு விட்டுவிடக் கூடாது என்று சொன்னாள். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கியது.

வாணியம்பாடி நெருங்கும்போது போன். தலைவி நம்பர், பேசியது ஆயா.

"டீச்சரு, மலை மேல ஏத்திட்டுப் போனானே, அப்புறம் என்னா ஆச்சு? ராவெல்லாம் தூக்கமில்லை."

சிக்னல் விட்டுவிட்டு வந்தது. நான் கத்தினேன். கேட்கவில்லை என்றார். இன்னும் உரக்கக் கத்தினேன்.

"தள்ளிவிட்டுட்டா! புருஷனை மலையிலேருந்து தள்ளிவிட்டுட்டா!"

பஸ் முழுக்கத் திரும்பியது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"யாரும்மா?"